கோபாரில் ரன்வே இருக்கிறது, வாடகைக்கு விமானம் இல்லை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மெல்பர்னில் பத்து வருடம் இருந்தோம். மூராபின் விமான நிலையத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்து, கையில் காசு சேரும்போதெல்லாம் ஒரு மணி நேரம் என்று கற்று, ரிக்ரியேஷனல் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். டெஸ்ட் பாஸ் செய்து எட்டு மாதத்தில் சுரங்கப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, நியூ சவுத் வேல்ஸின் மேற்கே கோபாருக்கு வந்துவிட்டோம். வந்து 14 மாதம் ஆகிறது, ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. ஊரில் நல்ல ரன்வே இருக்கிறது, ஆனால் பறக்கும் பள்ளியோ வாடகை விமானமோ என் கண்ணில் படவில்லை. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளித்தான். வீட்டில் "போதும், விட்டுவிடுங்களேன்" என்கிறாள். விட்டுவிட வேண்டியதுதானா?
– பெயர் வேண்டாம், கோபார்

பதில்: விட வேண்டாம் தம்பி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன். சிட்னியில் பேங்க்ஸ்டவுனில் கற்றுக்கொண்டு வேலைக்காக மேற்கே வந்தவன் நான். முதல் ஒன்றரை வருடம் வீட்டு வாசலில் நின்று, தலைக்கு மேல் போகிற ஃப்ளையிங் டாக்டர் விமானத்தை, தூர ஊர்களுக்கு டாக்டரைக் கொண்டுபோகிற விமானத்தை, பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த ஒன்றரை வருடம் வீணாய்ப் போனதே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அவசர விஷயம். எட்டு மாதமும் 14 மாதமும் சேர்ந்தால் 22. டெஸ்ட் முடிந்து இரண்டு வருடத்துக்குள் ஃப்ளைட் ரிவ்யூ, அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து காட்டும் மறுபரிசோதனை, முடிக்க வேண்டும் என்பது விதி, உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. தேதி தாண்டினால் லைசென்ஸ் பறிபோகாது, பயப்படாதீர்கள். ஆனால் ரிவ்யூ முடிக்கும்வரை தனியாகப் பறக்க முடியாது, அதுவே இன்னும் தள்ளிப்போடுவதற்கு ஒரு சாக்காகிவிடும். மருத்துவச் சான்றையும் கூடவே பாருங்கள். 2024 முதல் விமானப் பாதுகாப்பு ஆணையமான காசா கொண்டுவந்த ஐந்தாம் வகுப்பு மருத்துவச் சான்றை, தகுதி இருந்தால், நாமே இணையத்தில் உறுதிமொழி கொடுத்துப் பெறலாம். விமானத்தில் உங்களோடு இன்னும் ஒருவர் மட்டும், பகலில் மட்டும், 10,000 அடிக்குக் கீழே என்கிற வரம்புகள் உண்டு, நமக்கு அது தாராளம்.

அடுத்தது, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: நேவிகேஷன் எண்டார்ஸ்மென்ட், அதாவது வழி கண்டு தூரம் பறப்பதற்கான கூடுதல் அனுமதி, இருக்கிறதா? அது இல்லாமல் இந்த லைசென்ஸில் புறப்பட்ட இடத்திலிருந்து 25 நாட்டிகல் மைல், அதாவது 46 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் சுற்ற முடியும். மூராபினில் அந்த வட்டத்துக்குள் கடற்கரை, மலை, பாதி மெல்பர்ன் எல்லாம் வந்துவிடும், குறையே தெரியாது. கோபாரைச் சுற்றி அதே வட்டத்தைப் போட்டுப் பாருங்கள், வேறு ஒரு டவுன்கூட உள்ளே வராது. அடுத்த ஊர் நிங்கன் 130 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வந்தவனுக்கு அந்த எண்டார்ஸ்மென்ட்தான் பாதிச் சுதந்திரம். குறைந்தது ஐந்து மணி நேரம் தனியாக நேவிகேஷன் பறக்க வேண்டும், அதில் ஒரு பயணம் 100 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வேறு இரண்டு இடங்களில் இறங்கி நின்று வர வேண்டும். இங்கே அது வெறும் பாடமாக இருக்காது, நிஜமாகவே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறீர்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வது? உங்களுக்கு நான் முதலில் சொல்வது நாரோமைன். கோபாரிலிருந்து நிங்கன் வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர், டபோவுக்குச் சற்று முன்னால் வரும். பார்த்தால் சிறிய கோதுமை ஊர். ஆனால் அங்கே ஏரோ கிளப் தொடங்கியது 1929இல். இரண்டாம் உலகப் போரின்போது டைகர் மாத் விமானங்களை வைத்து விமானப்படைக்கு ஆரம்பப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் ஒன்று அங்கேதான் இயங்கியது. நாரோமைன், டெமோரா, நராண்டெரா என்று இந்த உள்நாட்டுச் சிற்றூர்களில் தேவைக்கு மேலே பெரிய ஓடுதளங்களைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். திறந்த வானமும் தட்டை நிலமும் பார்த்துப் போர்க்காலத்தில் போட்டவைதான் இவற்றில் பல. பிறகு கவுன்சில்கள் கைக்கு வந்தன. அந்தப் பழைய ஓடுதளங்களைச் சுற்றித்தான் இன்றைக்கும் இங்கே பறக்கிறவர்கள் கூடுகிறார்கள்.

நாரோமைனில் கிளைடர், அதாவது இஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதந்து பறக்கும் விமானம், அதற்கான கிளப்பும் இருக்கிறது. கிளைடர் என்றதும் "அது எனக்கு வேண்டாம், எனக்கு இஞ்சின் வேண்டும்" என்று தள்ளிவிடாதீர்கள், நானும் அப்படித்தான் தள்ளினேன். கோடைக்காலத்தில் இந்தச் செம்மண் பூமி காய்ந்து மேலே அனுப்புகிற வெப்பக்காற்றுக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் கிளைடர்காரர்கள் வருகிறார்கள். 2015 டிசம்பரில் இளையோர் உலகக் கிளைடர் போட்டி அங்கேதான் நடந்தது. நல்ல நாளில் 10,000 அடிக்கு மேலே ஏறலாம், அங்கே புறப்பட்டு 1,000 கிலோமீட்டர் சுற்றித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கிளப் இன்ஸ்ட்ரக்டர்கள் பெரும்பாலும் தொண்டாகச் சொல்லித் தருகிறவர்கள், அதனால் செலவும் குறைவு. ஒரு நாள் முழுக்க மற்றவர்களுக்காக இறக்கை பிடித்து ஓட வேண்டும், கயிறு மாட்ட வேண்டும், கிளைடரை வெயிலில் தள்ள வேண்டும். அதற்குத் தயார் என்றால் உங்கள் முறை வரும். நம் ஆட்களுக்கு இது பழகிய முறைதான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அப்படி.

இன்னொரு வழி ஆர்.ஏ.ஆஸ் எனப்படும் ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஆஸ்திரேலியா. இரண்டு பேர் உட்காரும் சிறு விமானங்கள், தனிச் சான்றிதழ். லைசென்ஸ் வைத்திருக்கிற நீங்கள் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டாம், எடை குறைந்த விமானத்துக்குக் கை பழகுவதற்காகச் சில மணி நேரப் பயிற்சி எடுத்து மாறிக்கொள்ளலாம். கிராமப்புறத்தில் இதைச் சிபாரிசு செய்ய எனக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு, பெட்ரோல். செஸ்னா போன்ற விமானங்களுக்கு ஏவ்கேஸ் என்கிற விமானப் பெட்ரோல் வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைக்காது. இந்தச் சிறு விமானங்கள் பலவற்றில் இருக்கும் ரோட்டாக்ஸ் இஞ்சின், பெட்ரோல் பங்க்கில் காருக்குப் போடுகிற பிரீமியம் பெட்ரோலிலேயே ஓடும். பண்டபெர்கில் செய்கிற ஜபிருவும், உக்ரைனிலிருந்து வருகிற ஃபாக்ஸ்பேட்டும் இந்தப் பக்கத்துப் பண்ணைக் கொட்டகைகளில் டிராக்டருக்குப் பக்கத்தில் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதாவது, உங்கள் ஊரில் விமானம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. வாடகை விமானம் இல்லை என்பது வேறு, விமானமே இல்லை என்பது வேறு. ஸ்டேஷன் என்று இவர்கள் சொல்கிற பெரும் பண்ணைகளில் தண்ணீர்த் தொட்டி பார்க்கவும் வேலி பார்க்கவும் மாடு தேடவும் சொந்த விமானம் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பெயர் எந்தத் தேடலிலும் வராது, ஏனென்றால் அவர்கள் எதையும் விற்கவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சனிக்கிழமை காலையில் நேரில் போவதுதான்.

நான் போன அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். காலை ஏழு மணி இருக்கும். விமான நிலைய வாசலில் யாரும் இல்லை. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்குகிறது. கவுன்சில் ஆள் ஒருவர் மட்டும், ரன்வே ஓரத்தில் இரவு அடிபட்டுக் கிடந்த கங்காருவை மண்வெட்டியோடு அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். போய் ஒரு பக்கம் பிடித்தேன். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே "பறப்பியா?" என்று கேட்டார், அவ்வளவுதான். மூன்றாவது தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கிழவர், எழுபது தாண்டியவர், இஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பார்க் பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த துடைப்பத்தைக் காட்டினார். பெருக்கினேன். அந்தத் தரையில் கால் இன்ச்சுக்குச் செம்புழுதி. பத்து மணிக்கு ஸ்மோகோ, அதாவது டீ நேரம், வந்தபோது காரில் இருந்த முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். நாலாவது வாரம் அவரே வலது பக்கக் கதவைத் திறந்து "ஏறு" என்றார். இன்றைக்கு நான் பறக்கிற விமானத்தில் எனக்கு இருக்கிற கால் பங்கு, அந்த மனிதர் மூலமாக வந்தது.

அதனால் "வாடகைக்கு விமானம் இருக்கிறதா" என்று கேட்டுப் போகாதீர்கள். "பறப்பேன், ஊருக்குப் புதுசு, ஏதாவது உதவி வேண்டுமா" என்று போங்கள். எர்சா என்கிற ஏர்சர்வீசஸ் கையேட்டில், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், ஒவ்வொரு விமான நிலையத்தையும் நடத்துகிறவர் எண், எரிபொருள் விவரம் எல்லாம் இருக்கும். அந்த எண்ணைக் கூப்பிட்டு எந்த நாளில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம். பயிருக்கு மருந்து அடிக்கிற விமானிகளையும் விட்டுவிடாதீர்கள், சுற்றுவட்டாரத்தில் யாரிடம் எந்த விமானம் சும்மா நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதோடு, ஒரு விமானம் ஆறு மாதம் நின்றால் இஞ்சினுக்குள் துரு ஏறும், வைத்திருக்கிறவருக்கே அது கவலை. முறையாக, இன்ஷூரன்ஸில் பெயர் சேர்த்து, வாரம் ஒரு தடவை எடுத்துப் பறக்க நம்பகமான ஆள் கிடைப்பது அவருக்கும் நல்லதுதான்.

நாரோமைன் போன்ற இடத்துக்குப் போக முடிவு செய்தால் மாதம் ஒரு மணி நேரம் என்று போகாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வெள்ளி இரவே போய்த் தங்கி, சனியும் ஞாயிறும் காலையும் மாலையுமாக நாலு ஐந்து மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் கை பழகும். கிளம்பும் முன் இரவு ஒரு போன், காலையில் ஒரு போன். நான் ஒரு முறை மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஒரு பள்ளியில் "விமானம் ரிப்பேருக்குப் போய்விட்டது, சொல்ல மறந்துவிட்டோம்" என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் தொண்டை அடைத்தது.

அப்புறம், நகரத்துப் பறத்தலும் இந்தப் பக்கத்துப் பறத்தலும் ஒன்றல்ல என்பதை மனதில் வையுங்கள். மூராபினில் டவர் இருந்தது, சொல்லச் சொல்லச் செய்தீர்கள். இங்கே டவர் இல்லை. நீங்களே ரேடியோவில் நான் இங்கே இருக்கிறேன், இன்ன உயரம், இதைச் செய்யப் போகிறேன் என்று அறிவிக்க வேண்டும், பதில் வராவிட்டாலும் யாரோ இருக்கிறார்கள் என்றே நினைத்துக் கண்ணை ஓட்ட வேண்டும். இறங்கும் முன் மேலே ஒரு சுற்று வந்து காற்றுப்பையைப் பாருங்கள், ஓடுதளத்தில் ஈமுவோ ஆடோ நிற்கிறதா என்று பாருங்கள். பண்ணை ஓடுதளம் என்றால் முதல் நாளே போன் பண்ணி அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது. ஒற்றைக் கம்பி மின்சார லைன்கள் தூரத்துக்கு ஒரு கம்பம் என்று போகும், மேலிருந்து கம்பி தெரியவே தெரியாது, கம்பத்தைத் தேடிப் பழகுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு கணக்கு. கோபார் கடல் மட்டத்திலிருந்து சுமார் 720 அடிதான். ஆனால் 40 டிகிரி வெயிலில் உங்கள் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 3,900 அடி மலை மேல் இருப்பது மாதிரி. காற்று லேசாகிவிடும், ஓட்டம் நீளும், ஏற்றம் சோர்ந்து போகும். மூராபினில் பிப்ரவரி மாதம் மதியம் பறந்த தைரியத்தில் இங்கே மதியம் இரண்டு பேரோடும் முழு டேங்கோடும் கிளம்பிவிடாதீர்கள். கோடையில் விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் கொட்டகைக்குத் திரும்பிவிடுவது என் வழக்கம். அந்த நேரத்துக் காற்று ஆடாது அசையாது, இறக்கையில் ஒரு தட்டு வைத்தாலும் நகராது என்று சொல்லலாம். கீழே சிவப்பு மண், நடுவில் கோடு போட்டாற்போல ஒரு ரோடு, அதில் ஒரே ஒரு லாரி. அதைப் பார்த்துவிட்டால் நீங்கள் மூராபினை நினைக்க மாட்டீர்கள்.

இந்த வாரமே ரிவ்யூவுக்கு நாள் வாங்கிவிடுங்கள், சனிக்கிழமை ஊர் விமான நிலையத்துக்குப் போங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: அண்ணா, என் கணவர் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து இரண்டு சீட் பழைய விமானம் ஒன்றில் பங்கு வாங்கப் போகிறேன் என்கிறார். அந்த மூவரும் உள்ளூர்க்காரர்கள், நல்லவர்கள்தான். பணம்கூடப் பெரிதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது, சரி என்று சொல்ல மனம் வரவில்லை. நான் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?
– புரோக்கன் ஹில் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. அவர் பறக்கிறார் என்றால் நீங்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும், கேட்டால் அவருக்கும் நல்லது.

முதல் கேள்வி, அந்த விமானத்தின் லாக்புக் எங்கே? பங்கு வாங்குவதற்கு முன்னால், இந்த நால்வரில் யாருக்கும் வேண்டப்பட்டவராக இல்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து, இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது பிரித்தார்கள், எத்தனை மாதம் ஓடாமல் நின்றது, வெளியே வெயிலில் நின்றதா கொட்டகையில் நின்றதா எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகிற செலவைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அந்தக் கூட்டே வேண்டாம் என்று நான் சொல்வேன்.

இரண்டாவது, எழுத்து. நாலு பேரும் நண்பர்கள் என்பதால்தான் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரப் பறத்தலுக்கும் எவ்வளவு பொதுக் கணக்கில் போட வேண்டும், இஞ்சின் மாற்ற வேண்டிய நாளுக்கு அதிலிருந்து எவ்வளவு சேர வேண்டும், ஒருவர் சேதப்படுத்தினால் இன்ஷூரன்ஸ் தராத தொகை யார் தலையில், வெளியேறுகிறவர் பங்கை யார் எப்படி வாங்குவது, இதெல்லாம் ஒரு தாளில் கையெழுத்தாக இருக்க வேண்டும். யாராவது ஒருவர் "இதில் ஏதோ சத்தம் சரியில்லை" என்று சொன்னால் சரிபார்க்கும்வரை மற்ற மூவரும் பறக்கக் கூடாது என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் தாளில் அதுதான் முதல் வரி.

மூன்றாவது உங்கள் கையில் இருப்பது. அவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எங்கே போகிறார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவார், கூட யார், எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு காகிதத்தில் எழுதி உங்களிடம் கொடுக்க வேண்டும். இதற்கு ஃப்ளைட் நோட் என்றே பெயர். சொன்ன நேரம் தாண்டி எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். தூரப் பயணம் என்றால் சார்டைம் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த நேரத்துக்குள் அவர் வந்து சேர்ந்தேன் என்று சொல்லாவிட்டால் அதிகாரிகளே தேட ஆரம்பித்துவிடுவார்கள். 50 நாட்டிகல் மைலைத் தாண்டிப் போனால் அவசர அலைபரப்பி இருந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கப் போனாலும் சட்டைப் பையில் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், அதாவது கையடக்க அவசர அலைபரப்பி, இருக்கட்டும். அதை ஆம்சா என்கிற கடல் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம், பதிவில் அவசரத் தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். பையில் இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சீட்டுக்குப் பின்னால் வலைப்பையில் வைத்துவிட்டு, இறங்கி ஓட வேண்டிய நேரத்தில் அதை மறந்துவிடலாம். ஆளுக்குச் சில லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய ஷூ. புரோக்கன் ஹில்லைத் தாண்டினால் போன் எடுக்காத இடங்கள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் காலையில், காற்று இல்லாத நாளாகப் பார்த்து, நீங்களும் ஏறிப் பாருங்கள். அவர் கடந்த மூன்று மாதத்துக்குள் குறைந்தது மூன்று முறை விமானத்தைக் கிளப்பி இறக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் உங்களை ஏற்றலாம், அதையும் கேளுங்கள். மெனிண்டி ஏரிகளில் தண்ணீர் நிறைந்திருக்கிற வருடமாக இருந்தால் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள். செம்மண்ணுக்கு நடுவில் அவ்வளவு தண்ணீரை மேலிருந்து பார்ப்பது பெரிய காட்சி. என் மனைவியும் இரண்டு வருடம் மறுத்துவிட்டு இப்படித்தான் ஏறினாள், இப்போது வரைபடம் பிடிப்பது அவள்தான்.

கேள்வி: ஐயா, மவுண்ட் ஐசாவில் இருக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. பைலட் ஆக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்கிறாள். பிரிஸ்பேனில் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்று எனக்கு உறுத்துகிறது. இங்கிருந்து அவளுக்கு என்ன செய்ய முடியும்?
– ஒரு தகப்பன், மவுண்ட் ஐசா

பதில்: உறுத்தல் வேண்டாம் ஐயா, நீங்கள் இருக்கும் மண் அப்படிப்பட்டது. உங்களிடமிருந்து 120 கிலோமீட்டரில் இருக்கிற குளோன்கரியிலிருந்துதான் 1928 மே மாதம் ஃப்ளையிங் டாக்டரின் முதல் விமானம் கிளம்பியது. குவான்டாஸ் 1920இல் பிறந்தது உங்கள் மாநிலத்தின் உள்நாட்டில், வின்டனில்தான். ஒரு சனிக்கிழமை மகளைக் குளோன்கரியில், ஃப்ளையிங் டாக்டர் சேவையைத் தொடங்கிய ஜான் ஃபிளின் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். தூர ஊரில் இருப்பதால்தான் விமானம் தேவைப்பட்டது என்பதை அவள் அங்கே கண்ணால் பார்ப்பாள்.

வயதுக் கணக்கு இது: தனியாகப் பறக்க 15, ரிக்ரியேஷனல் லைசென்ஸுக்கு 16, பிரைவேட் லைசென்ஸுக்கு 17, சம்பளத்துக்குப் பறக்க 18. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்க, இப்போதே பாடம் தொடங்கலாம். கால் பெடலுக்கு எட்டினால் போதும். ஆனால் அவசரப்பட்டு வாரா வாரம் பணத்தைக் கொட்ட வேண்டாம். 14 வயதில் எடுக்கும் மணி நேரங்கள் நடுவே இடைவெளி விழுந்தால் மறந்து போகும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம், பத்து நாள் கிளைடர் கிளப் எதிலாவது தங்கிக் கற்கிற மாதிரி ஏற்பாடு செய்ய முடிந்தால் அதுதான் நல்லது. இஞ்சின் இல்லாமல் பறக்கக் கற்ற பிள்ளைக்குக் காற்று எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். ஆஸ்திரேலிய விமானப்படை கேடட் பிரிவும் பிள்ளைகளைக் கிளைடரில் ஏற்றுகிறது. எட்டுகிற தூரத்தில் கிளை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மற்றபடி கணக்கும் இயற்பியலும் நன்றாகப் படிக்கட்டும், மாலையில் வானொலி ஸ்கேனரில் விமானப் பேச்சைக் கேட்டு எழுதிப் பழகட்டும். காசாவின் தேர்வுப் பாடத்தை எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம். நான் பார்த்த நல்ல இளம் விமானிகளில் பாதிப் பேர் பண்ணைப் பிள்ளைகள். பத்து வயதில் அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மாடு எண்ணியவர்கள். உங்கள் மகளையும் அப்படி ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. லைசென்ஸ் எடுக்கிற எண்ணம் இல்லை. மகன் வீட்டோடு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை மேலே போய்ப் பார்க்க வேண்டும். முடியுமா?
– ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஊருக்கு வடக்கே பாண்ட் ஸ்பிரிங்ஸில் கிளைடர் கிளப் இருக்கிறது, புதியவர்களை இன்ஸ்ட்ரக்டரோடு ஏற்றுவார்களா, எந்த நாளில் என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். கிளைடரில் ஏறி உட்காரக் காலை நன்றாக மடக்கி நீட்ட வேண்டியிருக்கும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் விடியற்காலையில் வெப்பக்காற்று பலூன் போகிறது, அதில் நின்றுகொண்டே வரலாம், சூரியன் மெக்டானல் மலைத்தொடர் மேல் எழும்புவதைப் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் போனால் ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். அந்தப் பாலைவனத்தில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும்.